"எழுதிவிடு, சரியாகிவிடும்" என்று சொல்வதற்கு முன்

மனதில் பெரிய அடி வாங்கிய ஒருவரிடம் நாம் வழக்கமாக இரண்டு விஷயம் சொல்வோம். ஒன்று, "மனசுல இருக்கிறதை எல்லாம் எழுதிடு, பாரம் குறையும்." இன்னொன்று, "இதுவும் உன்னை வலுவாக்கத்தான் நடந்திருக்கு." முதலாவதில் உண்மை இருக்கிறது, ஆனால் பலர் நினைக்கிற விதத்தில் இல்லை. இரண்டாவதை, பாதிக்கப்பட்டவர் தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். அடுத்தவர் யாரும் அவரிடம் போய்ச் சொல்லக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இந்த இரண்டையும் பற்றி உளவியலில் ஏறத்தாழ 40 வருடமாக ஆராய்ச்சி நடக்கிறது. அதில் கிடைத்தது என்ன, எங்கே எச்சரிக்கை வேண்டும் என்று கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கதை தொடங்குவது அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில். அங்கே இருந்த ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளருக்கு ஒரு சந்தேகம். வாழ்க்கைத்துணையைத் தற்கொலையிலோ விபத்திலோ திடீரென்று இழந்தவர்களிடம் அவரும் ஒரு சக ஆய்வாளரும் பேசிப் பார்த்திருந்தார்கள். அந்த இழப்பைப் பற்றி நண்பர்களிடம் பேசியவர்களுக்கு அடுத்த ஒரு வருடத்தில் உடல்நலக் கோளாறுகள் குறைவாக இருந்தன. யாரிடமும் பேசாமல் உள்ளேயே வைத்துக்கொண்டவர்களுக்கு அதிகமாக இருந்தன. அப்படியென்றால் பாதிப்பைக் கூட்டுவது நடந்த சம்பவம் மட்டும்தானா, அதை மூடி மறைத்துச் சுமப்பதுமா? பேச ஆள் இல்லாதவர் காகிதத்திடம் பேசினால் என்ன ஆகும்?

1986-இல் அவரும் சாண்ட்ரா பீல் என்ற மாணவியும் வெளியிட்ட ஆய்வு இதற்காகச் செய்ததுதான். 46 கல்லூரி மாணவர்கள், தொடர்ந்து 4 இரவு, ஒவ்வொரு இரவும் 15 நிமிடம். மாணவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு ஏதோ சாதாரண விஷயத்தைப் பற்றி எழுத வேண்டும், தங்கியிருக்கும் அறை எப்படி இருக்கிறது என்பது போல. ஒரு குழு தன் வாழ்க்கையின் மோசமான சம்பவத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும் எழுத வேண்டும், உணர்ச்சி கூடாது. இன்னொரு குழு அந்தச் சம்பவம் பற்றிய உணர்ச்சியை மட்டும் எழுத வேண்டும், நடந்ததைச் சொல்லக்கூடாது. கடைசிக் குழு இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும்.

அடுத்த ஆறு மாதத்தில் கல்லூரிச் சுகாதார மையத்துக்கு யார் எத்தனை முறை போனார்கள் என்று பார்த்தபோது, நடந்ததையும் அது தனக்குள் என்ன செய்தது என்பதையும் சேர்த்து எழுதியவர்கள்தான் குறைவாகப் போயிருந்தார்கள். வெறும் தகவலாக எழுதியவர்களுக்கும் அறையை வர்ணித்தவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் உண்டு: எழுதி முடித்த அந்த இரவில், ஆழமாக எழுதியவர்களின் மனநிலை மற்றவர்களைவிட மோசமாகத்தான் இருந்தது, ரத்த அழுத்தமும் கூடியிருந்தது. எழுதியதும் லேசாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அது நடக்கவில்லையே என்று முதல் நாளே நிறுத்திவிடுவீர்கள். முதல் நாள் கனமாகத்தான் இருக்கும். அழுகை வரலாம். அது ஏதோ தப்பாகப் போகிறது என்பதற்கு அடையாளம் இல்லை.

இதற்குப் பிறகு ஆய்வுகள் குவிந்தன. 1988-இல் 50 மாணவர்களை வைத்து நடத்திய சோதனையில், மனம் திறந்து எழுதியவர்களின் ரத்தத்தில் உள்ள நோய் எதிர்ப்பு அணுக்களின் செயல்பாடு நன்றாக இருந்ததைப் பார்த்தார்கள். 1994-இல் வெளியான ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது: வேலையிலிருந்து திடீரென்று அனுப்பப்பட்ட, பல வருட அனுபவமுள்ள பொறியாளர்கள். வேலை போனதைப் பற்றி மனம் திறந்து எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் அடுத்த வேலை கிடைத்தது. அவர்கள் ஒன்றும் அதிக நேர்காணலுக்குப் போகவில்லை, அதிகம் முயற்சி செய்யவும் இல்லை. பழைய முதலாளி மீதிருந்த கோபத்தைக் கொஞ்சம் தீர்த்துக்கொண்டபின் நேர்காணல் அறைக்குள் போனதுதான் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். 2013-இல் நியூசிலாந்தில் 64 வயதுக்கு மேற்பட்ட 49 பேரின் கையில் சிறு தோல் மாதிரி எடுத்து, அந்தப் புண் எவ்வளவு சீக்கிரம் ஆறுகிறது என்று படம் எடுத்துப் பார்த்தார்கள். 11-ஆம் நாளில், மனம் திறந்து எழுதியவர்களில் 76 சதவீதம் பேருக்குப் புண் முழுமையாக ஆறியிருந்தது. சாதாரண விஷயம் எழுதியவர்களில் 42 சதவீதம் பேருக்கு.

கேட்க அற்புதமாக இருக்கிறது இல்லையா? ஆனால் இவை எல்லாம் சிறு எண்ணிக்கையில் நடந்த சோதனைகள். மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் படம் கொஞ்சம் அடக்கமாகிறது. 1998-இல் ஜோஷுவா ஸ்மித் 13 ஆய்வுகளைத் தொகுத்தபோது பலன் நல்ல அளவில் தெரிந்தது. 2006-இல் ஜோவான் ஃப்ராட்டரோலி 146 ஆய்வுகளைத் தொகுத்தபோது பலன் இருந்தது, ஆனால் சிறியது. 2018-இல் வந்த இன்னொரு தொகுப்பு, உடல் ஆரோக்கியமாக இருப்பவர்களின் மனச்சோர்வுக்கு இதனால் நீண்டகாலப் பலன் இல்லை என்றது. செலவே இல்லாத, நாலு நாள் வேலைக்குச் சிறு பலனும் நல்ல பலன்தான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் இது மருந்துக்குப் பதில் இல்லை. சிலருக்கு நிறைய உதவுகிறது, சிலருக்கு ஒன்றும் செய்வதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்கிறது. இதெல்லாம் சேர்ந்துதான் அந்தச் சிறிய சராசரி. எனவே கேட்க வேண்டிய கேள்வி: எப்படி எழுதினால் உதவுகிறது?

பென்னிபேக்கரின் முதல் விளக்கம், அடக்கி வைப்பது உடலுக்குப் பாரம், வெளியே கொட்டினால் பாரம் இறங்கும் என்பது. மக்கள் மனதில் இன்றும் நிற்பது இந்த விளக்கம்தான். ஆனால் இது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. 1996-இல் ஒரு ஆய்வில் சிலரைத் தங்கள் வாழ்வில் நடக்கவே நடக்காத, கற்பனையான ஒரு கொடுமையைத் தமக்கு நடந்ததுபோல எழுதச் சொன்னார்கள். அவர்களுக்கும் பிறகு மருத்துவரிடம் போக வேண்டிய தேவை குறைந்தது! அடக்கி வைத்த ரகசியமே இல்லாத இடத்தில் எதைக் கொட்டினார்கள்?

அப்புறம் பென்னிபேக்கர் குழு, எழுதிய தாள்களையே ஆராய ஆரம்பித்தது. சொற்களை வகை பிரித்து எண்ணும் ஒரு கணினி நிரலை உருவாக்கி, உடல்நலம் தேறியவர்கள் எழுதியதில் என்ன தனியாக இருக்கிறது என்று பார்த்தார்கள். முதல் நாளைவிடக் கடைசி நாளில் "ஏனென்றால்", "அதனால்", "இப்போது புரிகிறது", "உணர்கிறேன்" போன்ற சொற்கள் கூடிக்கொண்டே போனவர்களுக்குத்தான் பலன் அதிகம். முதல் நாளிலேயே தெளிவான, கோர்வையான கதையோடு வந்து நாலு நாளும் அதையே எழுதியவர்களுக்கு அவ்வளவாக இல்லை. பிறகு 2003-இல் இன்னொன்றும் கவனித்தார்கள்: "நான், எனக்கு, என்னால்" என்று ஒரு நாள் எழுதிவிட்டு, மறுநாள் "அவன், அவர்கள், நாங்கள்" என்று பார்வையை மாற்றி எழுதியவர்கள் அதிகம் தேறினார்கள்.

இது எப்படி இருக்கும் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன், கற்பனை உதாரணம்தான். நண்பனோடு மழையில் வண்டியில் போய் விபத்தில் அவனை இழந்த ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள்:

"போகலாம் என்று சொன்னது நான்தான். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவன் இன்றைக்கு இருந்திருப்பான். எல்லாம் என்னால். என்னால்தான்."

மூன்றாம் நாள்:

"அவனுக்கும் அன்றைக்குப் போயே ஆக வேண்டும் என்று இருந்தது. இதை நான் இத்தனை நாளாக யாரிடமும் சொல்லவில்லை. மழை என்று தெரிந்துதான் இரண்டு பேரும் கிளம்பினோம். வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான்."

நான்காம் நாள்:

"அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவர் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் அந்தப் பக்கமே போகாமல் இருக்கிறேன் என்று எழுதும்போதுதான் தெரிகிறது. அவர் அங்கே தனியாக இருக்கிறார்."

குற்ற உணர்ச்சி எங்கேயும் போகவில்லை. நான்காம் நாளிலும் அது இருக்கிறது. ஆனால் முதல் நாள் எழுதியதில் ஒரே ஒரு ஆள் இருந்தார், ஒரே ஒரு தீர்ப்பு இருந்தது. பிறகு நண்பன் ஒரு மனிதனாக உள்ளே வந்தான், அவனுடைய விருப்பமும் பேச்சும் வந்தன. அதற்குப் பிறகு அவன் அம்மா வந்தார், "அதனால்தான் இப்படி இருக்கிறேன்" என்ற கண்டுபிடிப்பு வந்தது. எழுத்து நகர்ந்திருக்கிறது. நாற்பது வருட ஆராய்ச்சியில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். எவ்வளவு கொட்டினோம், எவ்வளவு அழுதோம் என்பதைவிட, நேற்று எழுதாத ஏதாவது ஒன்று இன்று உள்ளே வந்ததா என்று பார்ப்பது நல்லது.

நகராவிட்டால்? அதுதான் ஆபத்தான இடம். ஒரே வாக்கியத்தைத் தினமும் எழுதுவது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு உள்ளுக்குள் குமைவது. சூசன் நோலன்-ஹோக்ஸிமா என்ற உளவியலாளர் 1989-இல் கலிஃபோர்னியாவில் லோமா பிரியட்டா நிலநடுக்கம் வருவதற்குச் சில நாட்கள் முன்புதான், தற்செயலாக, ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களிடம் அவர்கள் மனம் சோரும்போது என்ன செய்வார்கள் என்று கேட்டு வைத்திருந்தார். நிலநடுக்கத்துக்குப் பிறகு பார்த்தால், தன் சோர்வையே அசைபோடும் பழக்கம் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு அதிகமாக இருந்தது. காகிதத்தில் செய்தாலும் குமைவது குமைவதுதான். 2013-இல் டேவிட் ஸ்பாராவும் சகாக்களும் மணமுறிவு ஏற்பட்ட 90 பேரிடம் ஆய்வு செய்தார்கள்: "ஏன் இப்படி ஆயிற்று, இதற்கு என்ன அர்த்தம்" என்று ஏற்கெனவே இடைவிடாமல் தேடிக்கொண்டிருந்தவர்கள் உணர்ச்சிகளை ஆழமாக எழுதியபோது, பல மாதம் கழித்து அவர்கள் நிலைமை மோசமாகத்தான் இருந்தது. அப்படிப்பட்டவர்கள் அன்றாட விஷயங்களைச் சும்மா எழுதியபோது நன்றாக இருந்தார்கள். ஏற்கெனவே இரவு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பவரிடம் போய் "இன்னும் ஆழமாக எழுது" என்று சொல்வது உதவி இல்லை.

எப்போது எழுதுகிறோம் என்பதும் முக்கியம். 1980-களில் தீயணைப்பு வீரர்கள், அவசரகாலப் பணியாளர்களுக்காக ஒரு முறை வந்தது: கோரமான சம்பவம் நடந்த ஓரிரு நாளிலேயே எல்லோரையும் உட்காரவைத்து, நடந்ததையும் உணர்ந்ததையும் விவரமாகச் சொல்ல வைப்பது. நல்ல எண்ணத்தோடு உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் ஒரே அமர்வில் நடக்கும் இந்த மாதிரி பேச்சு, பின்னால் வரும் மனக்கோளாறைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டின. சாலை விபத்தில் சிக்கியவர்களை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து 2000-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், ஆரம்பத்தில் அதிகம் கலங்கிப்போயிருந்தவர்களில் இப்படிப் பேசவைக்கப்பட்டவர்கள், எதுவும் செய்யாமல் விடப்பட்டவர்களைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். சம்பவம் நடந்த சூட்டிலேயே அதைத் தோண்டக்கூடாது. பென்னிபேக்கரும் உடனே எழுதச் சொல்வதில்லை, சில வாரமாவது போகட்டும் என்கிறார். இன்னொன்றும் சொல்கிறார்: ஒரு விஷயத்தை எழுதினால் நிலைகுலைந்துபோவேன் என்று தோன்றினால் அதை எழுதாதே, வேறொன்றை எழுது. எளிய விதி, ஆனால் பலரைக் காப்பாற்றும்.

சரி, இப்போது அந்த "வலுவாக்கும்" பேச்சுக்கு வருவோம்.

வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் ஷார்லட் வளாகத்தில் இருந்த ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கால்ஹூன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990-களில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சி என்ற கருத்தை முன்வைத்தார்கள். 1996-இல் அதை அளக்க 21 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலும் வெளியிட்டார்கள். மற்றவர்களோடு நெருக்கம், வாழ்க்கையில் புதிய வழிகள், தன் பலத்தை உணர்வது, ஆன்மிக மாற்றம், வாழ்வின் அருமை தெரிவது என்று ஐந்து விதங்களில் மாற்றம் வரலாம் என்றார்கள். இதை "அடி பட்டால் வளர்வாய்" என்று சுருக்கிவிட்டது பின்னால் வந்த பேச்சுதான். அவர்கள் சொன்னது வேறு. 1992-இல் ரோனி ஜனாஃப்-புல்மன் என்ற உளவியலாளர் ஒரு கருத்தை விளக்கியிருந்தார்: உலகம் பொதுவாக நல்லது, நடப்பதற்கு ஒரு நியாயம் இருக்கிறது, நான் தகுதியுள்ளவன் என்ற சில நம்பிக்கைகளின் மேல்தான் நாம் யோசிக்காமலே வாழ்கிறோம், பேரதிர்ச்சி உடைப்பது இவற்றைத்தான். டெடெஸ்கியும் கால்ஹூனும் இதை நிலநடுக்கத்தோடு ஒப்பிட்டார்கள். இடிந்த இடத்தில் மறுபடி எதையாவது கட்ட வேண்டியிருக்கிறது. வளர்ச்சி என்று ஒன்று வந்தால், அது அந்தக் கட்டும் போராட்டத்திலிருந்து வருகிறது. இடிந்ததால் வருவதில்லை. வலியும் போய்விடுவதில்லை, இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

எழுத்துக்கும் இதற்கும் உறவு எங்கே என்றால், டெடெஸ்கியும் கால்ஹூனும் பிரித்துக் காட்டிய இரண்டு வகை நினைப்பில். ஒன்று, கூப்பிடாமலே மண்டைக்குள் வந்து அறைவது. இன்னொன்று, நாமாக உட்கார்ந்து, நடந்ததை எடுத்துவைத்துப் பார்ப்பது. முதலாவதைக் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாவதாக்குவதற்கு எழுத்து நல்ல கருவி. ஏனென்றால் ஒரு வாக்கியத்தை முடிக்க வேண்டுமென்றால் ஒன்றை முன்னால் வைக்க வேண்டும், ஒன்றைப் பின்னால் வைக்க வேண்டும், யார் செய்தது, ஏன் நடந்தது என்று ஏதோ ஒரு முடிவு எடுக்க வேண்டும். மண்டைக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். தாளில் அப்படி ஓட முடியாது.

ஆனால் வளர்ந்துவிட்டேன் என்று ஒருவர் சொல்வதும், உண்மையில் மாறியிருப்பதும் ஒன்றா? 2009-இல் பேட்ரிஷியா ஃப்ரேசியரும் சகாக்களும் இதைக் கெட்டிக்காரத்தனமாகச் சோதித்தார்கள். மாணவர்களிடம் முன்கூட்டியே நெருக்கம், வாழ்க்கை திருப்தி போன்றவற்றை அளந்துவைத்துவிட்டு, இடையில் கடும் சம்பவம் ஒன்றைச் சந்தித்தவர்களிடம் மறுபடி அளந்தார்கள். "நான் இவ்வளவு வளர்ந்திருக்கிறேன்" என்று சொன்னதற்கும், முன்பின் அளவீட்டில் தெரிந்த மாற்றத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. அதுமட்டுமில்லை, வளர்ந்ததாகச் சொன்னது மன உளைச்சல் கூடியதோடுதான் சேர்ந்து வந்தது. இதை வைத்து அவர்கள் பொய் சொன்னார்கள் என்று சொல்லமாட்டேன். தாங்க முடியாத ஒன்றைத் தாங்குவதற்கு, "இதனால் எனக்கு ஏதோ நல்லது நடந்திருக்கிறது" என்று பிடித்துக்கொள்வது ஒரு ஊன்றுகோல், சில காலத்துக்கு அது வேண்டியும் இருக்கும். ஆனால் சுற்றியிருப்பவர்கள் அதையே எதிர்பார்க்க ஆரம்பித்தால், பாதிக்கப்பட்டவர் நமக்காக நன்றாக இருப்பதுபோல நடிக்க வேண்டியதாகிவிடுகிறது. வன்முறைக்கு ஆளானவரிடம், குழந்தையை இழந்தவரிடம், "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்" என்று கேட்கும் உரிமை நமக்கு யார் கொடுத்தது?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஜார்ஜ் பொனானோ என்ற உளவியலாளர் பல வருடமாகக் காட்டிவருவது, பெரிய இழப்பையோ ஆபத்தையோ சந்தித்தவர்களில் பெரும்பாலோர் கொஞ்ச நாள் தடுமாறிவிட்டு வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்பிவிடுகிறார்கள் என்பதை. அவர்கள் நம்பிக்கைகள் இடியவில்லை, மறுபடி கட்டவும் இல்லை, பெரிய மாற்றம் எதுவும் இல்லை. எழுதவும் தோன்றாமல் இருக்கலாம். அவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்றோ, ஆழமாக உணரவில்லை என்றோ சந்தேகப்பட வேண்டியதில்லை. 2002-இல் ஒரு ஆய்வு, துணையை இழந்தவர்களுக்கு எழுதுவதால் தனிப் பலன் எதுவும் கிடைக்கவில்லை என்று காட்டியது.

எழுதிப் பார்க்க வேண்டும் என்று தோன்றுபவர்களுக்கு, ஆய்வுகளில் பயன்படுத்திய முறை இதுதான்: மூன்று நான்கு நாள், நாளுக்கு 15 முதல் 20 நிமிடம், நிறுத்தாமல். எழுத்துப்பிழை, இலக்கணம் பார்க்க வேண்டாம். யாரும் படிக்கப்போவதில்லை என்று உறுதியாக இருக்க வேண்டும், ஏனென்றால் படிக்கப்போகும் ஒருவர் மனதில் வந்த உடனே நாம் அவருக்காக எழுத ஆரம்பித்துவிடுவோம். கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை. எழுதி முடித்த உடனே முக்கியமான வேலைக்கு ஓட வேண்டாம், கொஞ்ச நேரம் விடுங்கள். மாதக்கணக்கில் இழுக்கவும் வேண்டாம். நாலு நாள் எழுதியும் ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அதே சம்பவத்தை ஓரமாக நின்று பார்த்த வேறொருவர் எப்படிச் சொல்வார் என்று எழுதிப் பாருங்கள். ஈத்தன் கிராஸ், ஓஸ்லெம் அய்டுக் போன்றவர்களின் ஆய்வுகளில் இப்படித் தள்ளி நின்று பார்ப்பது கொதிப்பைக் குறைக்கிறது. அதிலும் நகரவில்லை, தூக்கம் கெடுகிறது, நாளுக்கு நாள் மோசமாகிறது என்றால் நிறுத்திவிடலாம்.

பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்கோளாறு, அதாவது பி.டி.எஸ்.டி., இருப்பவர்கள் தனியாக உட்கார்ந்து எழுதிச் சமாளிக்க வேண்டியதில்லை. அதற்கென்றே எழுத்தை அடிப்படையாக வைத்த ஒரு சிகிச்சை இருக்கிறது. டெனிஸ் ஸ்லோன், பிரையன் மார்க்ஸ் இருவரும் உருவாக்கியது, மொத்தம் 5 அமர்வு. ஒவ்வொன்றிலும் சிகிச்சையாளர் என்ன எழுத வேண்டும் என்று விளக்குவார், பிறகு 30 நிமிடம் அந்த ஒரே சம்பவத்தைப் பற்றி எழுத வேண்டும், முடிந்ததும் எழுதும்போது எப்படி இருந்தது என்று கொஞ்சம் பேசுவார்கள். வீட்டுப்பாடம் கிடையாது. 2018-இல் 126 பேரை வைத்து, நன்கு நிலைபெற்ற 12 அமர்வுச் சிகிச்சை ஒன்றோடு ஒப்பிட்டபோது இது அதற்குச் சளைக்கவில்லை, பாதியில் விட்டுப்போனவர்களும் இதில் மிகக் குறைவு. தாள் அங்கேயும் அதே தாள்தான். ஆனால் எதிரே பயிற்சி பெற்ற ஒருவர் இருக்கிறார், எழுதியதை அடுத்த அமர்வுக்குள் படித்துவிட்டு வருகிறார், அடுத்து எந்த இடத்தில் இன்னும் விரிவாக எழுத வேண்டும் என்று சொல்கிறார்.